பின்னால் வருகிறவன்

முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்று ஒரு பழமொழி உண்டு. பெரியவர்கள் நடந்து காட்டுகிறபடியே சிறியவர்கள் நடப்பார்கள் என்பது அதற்கு நாம் சொல்லும் பொருள். எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் வேறொரு கேள்விதான் தோன்றும். முன்னே போகிற ஏரின் கொழு மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையில் இடிக்கிறது. அது முன் ஏர்க்காரனுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. 'இங்கே கல் கிடக்கிறது, பார்த்து வா' என்று முன்னவன் திரும்பி ஒரு குரல் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் அது அவனுடைய பெருந்தன்மையா, அல்லது அவன் செலுத்த வேண்டிய கடனா? கொடுக்காமல் போனால் அவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை இப்போது புதிதாக எழுப்பியிருப்பது கலப்பை அல்ல, மோட்டார் டயர்.

காரில் பிரயாணம் செய்கிறவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று பேசுவார்கள். காருக்கும் பூமிக்கும் உள்ள உறவு முழுவதும் டயரில்தான் இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. ஒரு கார் எவ்வளவு பெரிதானாலும், அதன் ஒவ்வொரு சக்கரமும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை இடத்தை நம்பித்தான் கணவன், மனைவி, குழந்தைகள், மூட்டை முடிச்சு எல்லாம் பறந்து போகின்றன. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பு.

அந்தப் பிடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை அழுத்திய பிறகு, உலர்ந்த தார் ரோட்டில் சுமார் 18 மீட்டரில் நின்றுவிடும். நனைந்த ரோட்டில் 28 மீட்டர் ஆகலாம். பனிக்கட்டி படிந்த ரோட்டிலோ 140 மீட்டர் ஓடிய பிறகுதான் நிற்கும். அதே கார், அதே பிரேக், அதே டிரைவர். மாறினது சாலை மட்டும். குளிர் நாடுகளில் அந்த மாற்றம் கண்ணுக்கும் தெரிவதில்லை. கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி தாரின்மேல் படிந்துவிடும்; அடியில் இருக்கும் தாரின் கறுப்பு அப்படியே தெரியும். டிரைவர் அதை வெறும் ஈரம் என்று நினைத்துக்கொண்டு போவான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சாலையில் பிடிப்பு எவ்வளவு மீதி இருக்கிறது என்பது அதைச் செலவழித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறவனுக்கு மிகக் கொஞ்சம் பிடிப்பே தேவை. சக்கரத்தின் அடியில் பனிக்கட்டி இருந்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வளைவில் திருப்பும்போது, குறுக்கே ஓடிய நாய்க்காகப் பிரேக்கை மிதிக்கும்போது, அப்போதுதான் கைவசம் ஒன்றுமில்லை என்று தெரிய வருகிறது. பாங்கியில் பணம் இல்லை என்பது செக் திரும்பி வரும்போது தெரிகிற மாதிரிதான்.

ஆகவே விஞ்ஞானிகள் டயரையே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். 2002-ஆம் ஆண்டிலிருந்து 2005 வரை, பின்லாந்து நாட்டு ஆராய்ச்சி நிலையமான வி.டி.டி. தலைமையில், ஐரோப்பிய டயர் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் சேர்ந்து 'அப்பல்லோ' என்ற பெயரில் இதற்காக ஓர் ஆராய்ச்சி நடத்தின. டயரின் உட்புறத்தில், தரையைத் தொடும் ரப்பருக்கு நேர் பின்னால், கைக்குள் அடங்கும் ஒரு கருவியை ஒட்டிவிடுகிறார்கள். சென்சார் என்கிறார்கள், உணரும் கருவி என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரம் சுழலும்போது அந்த இடம் தரையில் பட்டு, நசுங்கி, மறுபடி விலகுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய எட்டுத் தடவை இப்படி நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஓர் அதிர்வு. உலர்ந்த சாலையின் அதிர்வு ஒரு மாதிரி, தண்ணீரின் அதிர்வு வேறு மாதிரி, பனிக்கட்டியின் அதிர்வு இன்னொரு மாதிரி. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒரு கணிப்பொறி அந்த அதிர்வுகளைப் பார்த்துச் சாலையின் நிலையைச் சொல்கிறது.

யோசித்துப் பார்த்தால், இந்த அறிவு சற்றுத் தாமதமாக வரும் அறிவு. சென்சார் எந்த இடத்தை வழுக்கல் என்று உணர்கிறதோ, அந்த இடத்தின்மேல் சக்கரம் ஏற்கனவே ஏறிவிட்டது. காரில் உள்ள மற்ற யந்திரங்கள் அதைக் கேட்டுக்கொண்டு உடனே பிரேக்கைச் சற்றுப் பக்குவமாகப் பிடிக்கலாம். அது ஒரு நன்மைதான். ஆனாலும் வழுக்கலில் ஏறிவிட்டவனுக்கு 'நீ வழுக்கலில் இருக்கிறாய்' என்று சொல்வதில் எவ்வளவு லாபம்? அரை கிலோமீட்டர் பின்னால் வந்துகொண்டிருக்கிறானே, அவனுக்கு அதே வார்த்தை உயிரையே காப்பாற்றும். சம்பாதித்தவனைவிடச் சம்பாதிக்காதவனுக்கு அதிகம் பயன்படுகிற சொத்து உலகத்தில் இதைப் போல் வேறு எத்தனை இருக்கும்?

2019 நவம்பர் மாதத்தில் இத்தாலி நாட்டு டூரின் நகரில் இதை நடத்தியே காட்டினார்கள். லிங்கோட்டோ என்று ஒரு பழைய கட்டடம். 1923-ல் பியட் கம்பெனி அங்கே கார்த் தொழிற்சாலை திறந்தபோது, செய்து முடித்த கார்களை ஓட்டிப் பார்ப்பதற்காக மொட்டை மாடியிலேயே ஒரு சாலை போட்டிருந்தார்கள். அந்த மாடியில் பிரெல்லி கம்பெனியின் சென்சார் டயர் பூட்டிய கார் ஒன்று தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓடியது. தரையை விட்டு டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் அபாயத்தை டயர் உணர்ந்தது. அந்தச் செய்தி கம்பியில்லாத் தந்தி வேகத்தில் பின்னால் வந்த காருக்குப் போய்ச் சேர்ந்தது. முன் ஏர்க்காரன் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டான்.

ஆனால் அது விழா. வருகிறவர் யார், போகிறவர் யார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். வாழ்க்கைச் சாலையில் பின்னால் வருகிறவன் யாரோ ஒருவன்.

வியாபாரம் செய்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அது எப்படி ஸார்?" என்றார் அவர். "பணத்தைக் கொட்டி உயர்ந்த டயர் வாங்கினவன் நான். அது கண்டுபிடித்துச் சொல்வது என் சொத்து. மழைக்குக் குடை வாங்கி வைத்திருக்கிறவன் தெருவில் போகிறவனுக்கெல்லாம் குடை பிடிக்க வேண்டுமா?"

"உங்கள் குடையை யாரும் கேட்கவில்லை. மழை வருகிறது என்று சொல்லச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் லேசில் விடுகிறவர் அல்ல. "சொல்வதற்கும் செலவு உண்டு, ஸார். கருவி செய்ய, செய்தி அனுப்ப, கணக்குப் போட, எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனி முதல் போட்டிருக்கிறது. இலவசமாகக் கொடு என்றால் நாளைக்கு யார் முதல் போடுவார்கள்? கருவியே இல்லாமல் போனால் முன்னால் போகிறவனுக்கும் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கும் தெரியாது. அதுதான் தர்மமா?"

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். முதல் போட்டவனுக்கு லாபம் வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பொருள்கள் பிறக்க மாட்டா. டயரை விலைக்கு விற்கட்டும். டயர் எவ்வளவு தேய்ந்தது, எப்போது மாற்றலாம், எத்தனை லாரிகளில் எவ்வளவு எண்ணெய் மிச்சமாகும் என்ற கணக்குகளையும் விற்கட்டும். அவை சௌகரியத்தைப் பற்றியவை. 'இந்த இடத்தில் வழுக்குகிறது' என்ற ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. வைத்தியர் மருந்துக்குப் பணம் வாங்கலாம். கிணற்றில் விஷம் விழுந்திருப்பதைக் கண்டவர் அதைச் சொல்வதற்குப் பணம் கேட்கலாமா? கேட்டால், பணம் இல்லாதவன் குடித்துச் சாகட்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னதாகத்தான் ஆகும்.

லாபம் போய்விடும் என்ற பயத்துக்கும் சரித்திரத்தில் பதில் உண்டு. காரில் நாம் தோளிலும் இடுப்பிலுமாகக் கட்டிக்கொள்கிறோமே, அந்த வாரை 1959-ல் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் எஞ்சினீயர் நில்ஸ் போலின் அமைத்தார். கம்பெனி அதற்குப் பேட்டண்ட் உரிமை பெற்றிருந்தது. ஆயினும் மற்றக் கம்பெனிகள் எல்லாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. அதனால் அந்தக் கம்பெனி அழிந்துவிடவில்லை.

அதே கம்பெனி 2016-ல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் வழுக்கும் சாலையைப் பற்றி எச்சரிக்கும் ஏற்பாட்டை விற்பனைக் கார்களில் கொண்டுவந்தது. அதில் டயருக்குள் சென்சார் இல்லை. சக்கரங்கள் சுழலும் விதத்திலிருந்து வழுக்கலை ஊகிக்கும் முறை. முன்னால் போன கார் வழுக்கினால், பின்னால் வரும் கார்களின் டிரைவர்களுக்கு முன்கூட்டியே செய்தி வரும். மிகவும் நல்ல காரியம். 2019-ல் ஐரோப்பா முழுவதற்கும் அதை விரித்தார்கள். ஆனால் டிரைவரின் கண்முன் வந்து நிற்கும் அந்த எச்சரிக்கை அந்தக் கம்பெனியின் கார் வைத்திருப்பவர்களுக்காக ஏற்பட்டது. அதே வளைவில், அதே இரவில், வேறு கம்பெனியின் பழைய கார் ஒன்றும் வருமல்லவா? பனிக்கட்டிக்குக் கம்பெனி வித்தியாசம் தெரியாது.

இங்கேதான் எனக்கு நம் லாரி டிரைவர்களின் நினைவு வருகிறது. நெடுஞ்சாலையில் லாரி பழுதாகி நின்றுவிட்டால், டிரைவரும் கிளீனரும் பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்துவந்து, லாரிக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில் போட்டு வைப்பார்கள். இருட்டில் வருகிறவன் தழையைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அந்தத் தழை யாருக்காக? வருகிறவன் இன்ன ஊர், இன்ன முதலாளியின் வண்டி என்று பார்த்து அதைப் போடவில்லை. சந்தா கட்டியவன் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதும் இல்லை. போட்டவன் பெயரும் அதில் எழுதியிருக்காது. செய்தி அனுப்பினால் நான் எங்கே போனேன், எப்போது போனேன் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கும் தழையில் பதில் இருக்கிறது. வழுக்கிய இடமும் நேரமும் போதும். வழுக்கியவன் பெயர் யாருக்கும் வேண்டாம்.

ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கிறது. 2013-ல் பிறந்த ஒரு விதி, சாலையில் உயிருக்கு அபாயம் தரக்கூடிய நிலைமைகளை எட்டு வகையாகப் பிரித்தது. எதிர்த்திசையில் வரும் வாகனம், மூடுபனி, ரோட்டில் நிற்கும் மிருகம் என்று போகும் அந்த ஜாபிதாவில் முதலாவதாக நிற்பது, தற்காலிகமாக வழுக்கும் சாலை. இந்தச் செய்திகள் உபயோகிப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அந்த விதியின் தலைப்பிலேயே ஒரு சிறு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'இயன்ற இடத்தில்'. இயன்ற இடத்தில் இலவசம். மனித சமூகம் தன் தர்மங்களை எழுதும்போதெல்லாம் இந்தச் சொற்றொடரை எங்காவது ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறது. அதைப் பார்த்துக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஒன்றுமே எழுதாமல் இருப்பதைவிட இவ்வளவாவது எழுதினார்களே என்றுதான் நினைக்கிறேன். இயலாத இடம் எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று யாராவது எண்ணினால், அவருக்கு ஜெர்மனியில் மியூனிக் நகரத்து டாக்ஸிகளின் கதையைச் சொல்வேன். 1980களில் அங்கே ஒரு சோதனை நடந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் போய்ச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியைச் சில டாக்ஸிகளில் பொருத்தினார்கள், மற்றவற்றில் பொருத்தவில்லை. கருவியுள்ள டாக்ஸிகள் விபத்தில் சிக்குவது குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் டிரைவர்கள் முன்பைவிடத் துணிச்சலாக ஓட்டியதுதான் கண்ட பலன். யந்திரம் கொடுத்த பாதுகாப்பை மனிதன் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டான்.

டயர் பேசத் தொடங்கிய பிறகு இந்த அபாயம் இன்னும் நுட்பமானது. தினமும் எச்சரிக்கிற ஒன்று, ஒரு நாள் எச்சரிக்காவிட்டால், அந்த மௌனமே 'சாலை நன்றாக இருக்கிறது, போகலாம்' என்ற வாக்குறுதியாகிவிடும். உண்மையில் அதற்கு அர்த்தம் அதுவல்ல. இந்த வழியில் சென்சார் உள்ள கார் ஒன்றும் சற்று முன்னால் போகவில்லை என்பதாகக்கூட இருக்கலாம். ஆகவே குரல் கொடுக்கிறவனுக்குக் கடமை ஒன்றல்ல, இரண்டு. தெரிந்ததைச் சொல்வது ஒன்று. தனக்குத் தெரிவது எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதைச் செய்ய வியாபாரிக்கு மனம் வருவது சிரமம். 'என் சரக்கு இவ்வளவுதான்' என்று எந்த விளம்பரம் சொல்லும்? கேட்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. குரல் வராத இடத்திலும் அவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் என் மனத்துக்கு நிறைவளிப்பது ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் கதை. அங்கே குளிர்காலம் முழுவதும் பனி. ஒரு காலத்தில் டயரில் உலோக ஆணிகள் அடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஆணி பனிக்கட்டியைக் கவ்விக்கொள்ளும், வண்டி வழுக்காது. ஆனால் பனி இல்லாத இடத்தில் அதே ஆணிகள் தாரை அரைத்துத் தூளாக்கின. ஸப்போரோ போன்ற நகரங்களில் அந்தத் தூசி காற்றில் கலந்து மக்களின் நெஞ்சுக்குள் போயிற்று. என் பிடிப்புக்காக உன் மூச்சு! 1990-ல் சட்டம் வந்தது. ஆணி டயர்கள் மறைந்தன. காற்று சுத்தமாயிற்று. ஆனால் ஆணியில்லாத டயர்கள் பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக மெருகேற்றிவிட்டன. வண்டிகள் வழுக்கின, நடந்து போகிறவர்களும் வழுக்கி விழுந்தார்கள். பிறர் சுவாசிப்பதற்காக ஒவ்வொருவரும் தம் பிடிப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததன் விலை அது.

அந்த ஊரில்தான் 2015-ல் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியின் சென்சார் டயர் வேலைக்கு வந்தது. பணக்காரரின் உல்லாசக் காருக்கு அல்ல; நெடுஞ்சாலையைப் பராமரிக்கிறவர்களின் வண்டிக்கு. அந்த டயர் ஓடிக்கொண்டே சாலையை ஏழு வகையாகப் பிரித்துச் சொல்கிறது: உலர்ந்தது, லேசான ஈரம், நனைந்தது, பனிச்சேறு, புதுப்பனி, இறுகிய பனி, பனிக்கட்டி. அதைக் கொண்டு, பனி உறையாமல் தடுக்கும் உப்பை எங்கே தூவுவது, எங்கே தேவையில்லை என்று முடிவு செய்கிறார்கள். பின்னால் வருகிறவனுக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை. அவன் காரில் அதை வாங்கிக்கொள்ளக் கருவி இருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. வழுக்கல் இருந்த இடத்தில் வழுக்கல் இல்லை. அவனுக்குத் தெரியாமலே அவன் காப்பாற்றப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். பாறை இருக்கிறது என்று குரல் கொடுப்பது நல்லது. கலப்பையை நிறுத்தி, குனிந்து, பாறையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவது அதைவிட நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நம்மிடம் சென்சார் டயரும் இல்லை, நம் ஊரில் பனிக்கட்டியும் இல்லை' என்று நீங்கள் சொல்லலாம். டயரில் இல்லாவிட்டாலும் நம் ஒவ்வொருவரிடமும் அந்தக் கருவி இருக்கிறது. ஒரு வீட்டில் பெண்ணைக் கொடுத்து, அவள் பட்ட பாட்டையெல்லாம் பார்த்து, கடைசியில் அழைத்து வந்துவிட்ட தகப்பனார் ஒருவர் இருக்கிறார். அதே வீட்டிற்கு இரண்டாவது சம்பந்தம் பேச வேறொருவர் புறப்படுகிறார். நல்லவர், விவரம் அறியாதவர். 'அவர்கள் எப்படி?' என்று விசாரிக்க வருகிறார். நமக்கு எதற்கு இந்த வம்பு, வாயைத் திறந்தால் நம் வீட்டுக் கதையும் சந்திக்கு வருமே என்று இவர், 'எனக்கு ஒன்றும் தெரியாதே' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இவர் கெட்டவரா? இல்லை. தாம் வழுக்கி விழுந்து காயத்தோடு எழுந்து வந்தவர். வலிக்கிறது, யாருக்கும் காட்டப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வளைவில் அடுத்தாற்போல் வந்துகொண்டிருப்பது இன்னொருவர் பெண்.

சொல்வதற்கு அவருக்கு உரிமை மட்டுந்தான் உண்டு என்று சிலர் சொல்வார்கள். கடமையே உண்டு என்கிறேன் நான். அந்த அறிவு அவருக்குக் கிடைத்தபோது அவருக்கே அது உதவாமல் போய்விட்டது. அது உதவக்கூடிய ஒரே மனிதர் இப்போது வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, அதை நம்மிடம் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?